ஃபார்மட் அடிச்சா சரியாயிடுமா பாஸ்?

உங்க லேப்டாப் ஆமை மாதிரி நகருது என்று ஹாஸ்டலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவர் மெக்கானிக்கல் படிப்பவராக இருக்கலாம், பி.ஏ. தமிழ் படிப்பவராக இருக்கலாம். பதில் மட்டும் ஒண்ணுதான். 'மச்சி, பேசாம ஃபார்மட் அடிச்சிடு!' வைஃபை வரலையா? ஃபார்மட். ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துதா? ஃபார்மட். சார்ஜ் அரை மணி நேரம்கூட நிக்கலையா? அட, அதுக்கும் ஃபார்மட்தான்!

காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை. இந்த வாரம் அந்த மாத்திரையைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம். சும்மா பொழுதுபோக்குக்காக இல்லை. ஃபைனல் இயர் மக்களில் நிறையப் பேருடைய புராஜெக்ட் ரிப்போர்ட், சர்டிஃபிகேட் ஸ்கேன், அக்கா கல்யாண போட்டோ எல்லாமே ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் படுத்துக் கிடக்கிறது. வேற காப்பி கிடையாது. அந்த டிஸ்க்குக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் ஃபார்மட் அடித்தால் என்ன ஆகும்? அதுதான் மேட்டர்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இந்த வைத்தியம் நன்றாகவே பலித்தது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி நம்ம ஊரில் பல வருஷம் ராஜ்ஜியம் பண்ணியது. பிரவுசிங் சென்டரில் பென் டிரைவைச் செருகி பிரின்ட் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி செருகினால், ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு ஒரு வைரஸ் அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும். டபுள் க்ளிக் பண்ணினால் முடிந்தது கதை. பல சமயம் க்ளிக் பண்ணக்கூடத் தேவையில்லை, ஆட்டோரன் என்கிற வசதியே வைரஸுக்கு வாசல் திறந்துவிடும். அப்போது ஃபார்மட்தான் ஒரே வழி. பென் டிரைவில் ஆட்டோரன் ஓடுவதை 2009-ல் விண்டோஸ் 7 நிறுத்தியது. 2011-ல் எக்ஸ்பிக்கும் அதற்கான அப்டேட் வந்தது. 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கான சப்போர்ட்டும் முடிந்துபோனது. நோய் போய்விட்டது. மாத்திரையை மட்டும் சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்!

அதோடு கூடவே வந்த இன்னொரு நம்பிக்கை 'டி டிரைவ் பத்திரம்'. 'சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணுண்ணா, என் ஃபைல் எல்லாம் டி-ல இருக்கு' என்று கடைக்காரரிடம் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நிறைய லேப்டாப்களில் சி, டி, இ எல்லாமே ஒரே டிஸ்க்குக்குள் தடுப்பு போட்டுப் பிரித்த அறைகள்தான். வைரஸ் வந்து விண்டோஸ் கெட்டால் டி தப்பிக்கும், சரி. ஆனால் டிஸ்க்கே படுத்தால்? வீடு இடிந்த பிறகு, நான் பின்ரூமில்தானே இருந்தேன் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

சரி, ஸ்லோவுக்கு வருவோம். முதலில் கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாகத் தெரியும். டிஸ்க் பக்கத்தில் உங்களுடையது ஹெச்டிடியா எஸ்எஸ்டியா என்பதையும் அதுவே சொல்லிவிடும். ஹெச்டிடி என்றிருந்து, அது நிமிஷக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? அதன் கீழே ரீட், ரைட் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். என்னடா இது, இவ்வளவு மூச்சு வாங்கிக்கொண்டு இவ்வளவு கம்மியாக வேலை பார்க்கிறது என்று தோன்றும்.

காரணம் அதன் உடம்பு வாகு. ஹார்ட் டிஸ்க் என்பது சுத்துகிற தட்டு. சாதாரண லேப்டாப் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தும். ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லி செகண்ட். நீங்கள் ஒரு ஃபைலைக் கேட்டால், படிக்கிற முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தட்டு சுத்தி அந்த இடம் முள்ளுக்குக் கீழே வருகிறவரை காத்திருக்க வேண்டும். ஒரே பெரிய சினிமா ஃபைல் என்றால் பிரச்னை இல்லை, வரிசையாகப் படித்துவிடும். ஆனால் விண்டோஸ் 10-ம் 11-ம் அப்படிக் கேட்பதில்லை. பின்னணியில் அப்டேட் ஒரு பக்கம், டிஃபெண்டர் ஸ்கேன் ஒரு பக்கம், சர்ச் இண்டெக்ஸ் ஒரு பக்கம் என்று சின்னச் சின்னதாக ஆயிரம் இடத்தில் கேட்கும். அங்கே ஓடு, இங்கே ஓடு என்று விரட்டினால் அந்த முள்ளால் நொடிக்கு நூறு இடத்தைத் தொடுவதே கஷ்டம். எஸ்எஸ்டியில் சுத்துவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. எல்லாம் சிப். அதே மாதிரியான கேள்விகளுக்கு நொடிக்குப் பல ஆயிரம் பதில் சொல்லும்.

அப்படியென்றால் ஃபார்மட் அடித்ததும் ஒரு வாரம் ஜோராக ஓடியதே, அது எப்படி? புது விண்டோஸில் ஸ்டார்ட் ஆகும்போதே கூட எழுந்திருக்கும் சாஃப்ட்வேர் எதுவும் இல்லை பாஸ். நீங்கள் ஒவ்வொன்றாக இன்ஸ்டால் பண்ணப் பண்ண அது பழைய நிலைக்கு வந்துவிடும். தட்டு அதே தட்டு, முள் அதே முள்.

இதுவரை சொன்னது ஆரோக்கியமான டிஸ்க்கின் கதை. சாகக் கிடக்கும் டிஸ்க்கின் அறிகுறிகள் வேறு. டிக்... டிக்... என்று உள்ளேயிருந்து சீராக ஒரு சத்தம். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே எதுவும் வராது. ஃபைல் காப்பி பாதியில் ஜீரோ வேகத்துக்கு இறங்கி நிற்கும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று விண்டோஸ் தானாக ஆரம்பிக்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பை அது படித்துச் சொல்லும். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால் கவலை. சிவப்பு என்றால்... புரியுதில்ல? அதில் ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரண்ட் பெண்டிங் செக்டர் என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். இரண்டாவது, படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் பகுதிகள். இந்த எண்கள் வாரா வாரம் ஏறினால் டிஸ்க் டாட்டா காட்டத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். நீலமாக இருந்தும் திடீரென்று செத்த டிஸ்க்குகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் தெரிந்ததும் ஹாஸ்டல் டாக்டர்கள் கூடுவார்கள். ஒருத்தர் ஃபார்மட் என்பார். இன்னொருத்தர் செக் டிஸ்க் ஓட விடு, ரிப்பேர் ஆயிடும் என்பார். ரெண்டும் வேண்டாம், தயவுசெய்து! நொண்டிக்கொண்டிருக்கிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் தேடி ஓடச் சொன்னால், இருக்கிற கொஞ்ச உயிரும் அதில் போய்விடும். முதல் வேலை காப்பி எடுப்பது. அதிலும் வரிசை முக்கியம். புராஜெக்ட் முதலில், சர்டிஃபிகேட் ஸ்கேன் அடுத்து, போட்டோ அதற்கடுத்து. சினிமா கடைசி (அதை யாராவது மறுபடி தருவார்கள்!). கூகுள் அக்கவுன்ட்டோடு 15 ஜிபி இலவச இடம் வருகிறது, ரிப்போர்ட்டுக்கும் கோடிங்குக்கும் அது தாராளம். டிஸ்க் சுத்தமாகக் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் ஆன், ஆஃப் என்று விளையாடாமல் நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறம் டேட்டா ரெக்கவரி ஆட்கள்தான். செலவு பிடிக்கும். ஃப்ரீஸரில் வைத்தால் ஹார்ட் டிஸ்க் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு பாட்டி வைத்தியம் நெட்டில் ரொம்ப நாளாகச் சுத்துகிறது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே ஈரம் படிந்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள். லேப்டாப்பை ஓட விட்டபடியே கையில் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடும் கோஷ்டியும் இதே இடைவெளியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளவும்.

காப்பி எடுத்தாச்சா? இப்போது நிம்மதியாக எஸ்எஸ்டி பற்றிப் பேசலாம். என்னைக் கேட்டால், ஹார்ட் டிஸ்க்கோடு இருக்கும் பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் பண்ண முடியும் என்றால் அது இதுதான். ரேம்கூட அடுத்துதான். பழைய மாடல்களில் இரண்டரை இன்ச் சாட்டா டைப் போதும், ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். சற்றுப் புதிய மாடல்களில் எம்.2 என்ற ஸ்லாட் இருக்கும். அங்கேதான் ஜாக்கிரதை. எம்.2-விலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி உண்டு, எல்லா ஸ்லாட்டும் இரண்டையும் ஏற்காது. மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு, எது பொருந்தும் என்று பார்த்துவிட்டுப் பிறகு ரிச்சி ஸ்ட்ரீட் பஸ் ஏறுங்கள். பில்லும் வாரன்டியும் இல்லாமல் 'சல்லிசா தர்றேன் தம்பி' என்றால் அடுத்த கடை. உங்கள் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கேடி என்று விற்கும் சட்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்திக்கொள்ளலாம். அது நீல நிறத்தில் இருந்தால் மட்டும்!

ரேம் வேண்டுமா என்பதற்கும் டாஸ்க் மேனேஜரே சாட்சி. 4 ஜிபி இருந்து, பிரவுசரில் நாலு டேப் திறந்ததுமே மெமரி 90-ஐத் தாண்டினால் 8 ஆக்கலாம். சில மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. 2025 கடைசியில் இருந்து மெமரி விலை எகிறியதால் வாங்குவதற்கு முன் நாலு இடம் விசாரியுங்கள்.

இப்போது கடைக்காரர்கள் கோபப்படப் போகும் ஒரு விஷயம். புது டிஸ்க்கில் விண்டோஸ் போட வேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்த ஒரு கடையில் 'ஓஎஸ் சார்ஜ் தனி தம்பி' என்று காசு வாங்கிக்கொண்டு, கிராக் பண்ணிய விண்டோஸைப் போட்டு அனுப்பினார்கள். கிராக் வேலை செய்வதற்காக டிஃபெண்டரையும் அணைத்துவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், அந்த லேப்டாப் ஒரிஜினல் விண்டோஸோடு விற்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்கே கள்ளச் சாவி!

2012-ல் விண்டோஸ் 8 வந்ததில் இருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் அதன் கீ மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. லேப்டாப்போடு வந்த அதே எடிஷனை மறுபடி போட்டால், கீ கேட்கும்போது 'என்னிடம் இல்லை' என்று தாண்டிவிடலாம். நெட் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் இலவசம். 8 ஜிபி பென் டிரைவும் ஒழுங்கான நெட்டும் இருந்தால் நீங்களே செய்யலாம். கடைக்குத்தான் போவேன் என்றாலும் பரவாயில்லை. 'அண்ணே, இதுல ஒரிஜினல் லைசென்ஸ் இருக்கு, அதையே போடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லேப்டாப் டாஸ் என்று விற்கப்பட்டதாக இருந்தால் இது பொருந்தாது.

கடைக்குக் கொடுக்கும் முன் இன்னொன்று. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தால், பல லேப்டாப்களில் டிஸ்க் முழுக்கத் தானாகவே பூட்டப்பட்டுவிடும். உங்களுக்கே தெரியாமல்! தினமும் ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸில் யாராவது கை வைத்தாலோ திடீரென்று நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் கடைக்காரர் இல்லை, மைக்ரோசாஃப்ட்டே வந்தாலும் திறக்க முடியாது. அந்த கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். அக்கவுன்ட்டுக்குள் இப்போதே போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லேப்டாப்பிலேயே சேவ் பண்ணி வைக்கிற புத்திசாலிகளுக்கு என் வாழ்த்துகள்.

ஃபார்மட்டே தேவைப்படாத கேஸ்கள்தான் நிறைய. தினமும் ஷட் டவுன் பண்றேனே என்பவர்கள், டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப் டைம் என்ற வரியைப் பாருங்கள். 20 நாள் என்று இருக்கும்! விண்டோஸ் 8-ல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் அடிப்பகுதி முழுதாக அணையாமல் டிஸ்க்கில் தூங்கப் போகும். மறுநாள் அதே நிலையில் எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகக் கிளம்பும். விநோதக் கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு ரீஸ்டார்ட்.

ஃபேன் கத்துவதும், கேம் ஆடும்போது திடீரென்று இழுப்பதும் சூட்டின் வேலை. தலையணை மேல் வைத்தால் காற்று போகும் வழி அடைத்துக்கொள்ளும். சிபியு எரியாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்குத் தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும். டச் பேட் மேலே எழும்பி வருகிறதா? உள்ளே பேட்டரி உப்புகிறது, அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், சார்ஜும் போடாதீர்கள். லைட் எரிகிறது, ஸ்கிரீன் மட்டும் வரவில்லை என்றால் நம்ம ஊர் ரப்பர் வைத்தியம் நிஜமாகவே வேலை செய்யும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ரேமை உருவி, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திச் செருக வேண்டும். பாதி நேரம் கழற்றி மாட்டியதே போதுமானதாக இருக்கும். ஆனால் டெஸ்க்டாப்பில் ரைட் க்ளிக் பண்ணி ரிஃப்ரெஷ் ரிஃப்ரெஷ் என்று பத்து தடவை அடிக்கிறோமே, அதனால் எந்த வேகமும் வராது. ஐக்கான்களைத் திரும்ப வரைந்து காட்டும், அவ்ளோதான். விரலுக்கு எக்ஸர்சைஸ்.

கடைசியாக, 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திய நாள். இதைக் காட்டியே 'புதுசு வாங்கிடுங்க தம்பி' என்று கிளம்பிவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை சிபியு வேண்டும். அதாவது 2017-க்கு முந்தைய லேப்டாப்கள் பெரும்பாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் அவை அன்றைக்கு இரவே செத்துவிடவில்லை. பாதுகாப்பு அப்டேட்தான் நிற்கிறது. அதையும் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அப்பாவின் பேங்க் வேலை அந்த லேப்டாப்பில் நடக்கிறது என்றால் அப்டேட் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு என் ஓட்டு லினக்ஸ் மின்ட்டுக்கு. லினக்ஸ் என்றதும் பயப்படாதீர்கள், தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது (பேரே பாஸ்தான், பாஸ்!). கடையில் கொடுத்து அதைத்தான் முதலில் அழித்தவர்கள் உண்டு. மின்ட்டை இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருதா, சவுண்டு வருதா, புரொஜெக்டரில் தெரியுதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் இல்லாமல் முடியாது என்கிற சிவில், மெக்கானிக்கல் மக்களுக்கு இது சரிப்படாது. மற்றவர்களுக்குப் பிரவுசரும் ஆபீஸ் வேலையும் கோடிங்கும் தாராளமாக ஓடும்.

ஃபார்மட் நிஜமாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பழைய லேப்டாப்பை ஜூனியருக்கு விற்கும்போது. அங்கே பார்த்து, சும்மா க்விக் ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது பழைய ஃபைல்களின் பட்டியலைத்தான் மாற்றும். ஹார்ட் டிஸ்க்கில் போட்டோவும் சாட்டும் அப்படியே இருக்கும், இலவச ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டால் எழுந்து வரும். டி டிரைவில் ரைட் க்ளிக் பண்ணி ஃபார்மட் கொடுக்கும்போது க்விக் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பப்படும். ஓடுகிற விண்டோஸ் சி டிரைவை இப்படி அழிக்க விடாது. அதற்கு ரீசெட் திஸ் பிசியில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சில மணி நேரம் பிடிக்கும். சார்ஜரை மாட்டிவிட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.